டோக்கியோ வந்து எட்டு மாசம் ஆச்சு, எல்லாம் இருக்கு, பேசத்தான் ஆள் இல்ல

#1 உறையூர்ப்பொண்ணு

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு. வீட்டுக்காரருக்கு டோக்கியோவுக்கு மாத்தல் ஆகி போன ஏப்ரல்ல வந்தோம், நான், அவரு, அஞ்சு வயசுப் பையன். எடோகவா வார்டுல நிஷிகசாய், நம்மாளுங்க நெறைய இருக்கற ஏரியா. ஊர்லேர்ந்து போன் பண்ற எல்லாரும் "எப்டி இருக்கு ஜப்பான்"னு கேக்கறாங்க, நானும் சுத்தமா இருக்கு, ட்ரெயின் டைமுக்கு வருதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. பொய் சொல்லல. ஆனா சொல்றதுக்கு அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அது போன்ல வர மாட்டேங்குது.

மொதல்ல ஒரு கூத்து. வந்த உடனே 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும்ல, அங்க ஒரு கத்தை பேப்பர் கைல குடுத்தாங்க, குப்பை காலண்டர், ஆஸ்பத்திரி விவரம், கூடவே வெள்ளம் வந்தா என்ன பண்றதுன்னு ஒரு புக்கு. வீட்டுக்கு வந்து அந்த அட்டையில இருக்கற வரைபடத்து மேல என்னவோ எழுதிருக்கேன்னு போன் கேமராவக் காட்டுனா "இங்கே இருக்கக் கூடாது"ன்னு வருது!! எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, வந்து பத்து நாள் ஆகல அதுக்குள்ள வெளிய போங்கறானா, நம்மளத்தான் சொல்றானா, விசால ஏதாச்சும் கோளாறான்னு அவர ஆபீஸ்லேர்ந்து போன்ல இழுத்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது 2019ல அடிச்ச புக்கு, எல்லார் வீட்டுக்கும் குடுத்தது. இந்த வார்டுல பத்துக்கு ஏழு பங்கு நெலம் கடல் ஏத்தத்துக்குக் கீழ இருக்காம், பெரிய புயல் வந்தா இங்கயே உக்காந்திருக்காம முன்னாடியே வேற ஏரியாவுக்கு கெளம்புங்கன்னு ஆபீஸே சொல்லுது. நான் காவேரிக்கரைல பொறந்தவ, வெள்ளம் புதுசு இல்ல, ஆனா எந்த கவர்மெண்ட்டும் இப்டி மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பாத்ததில்ல. எனக்கு அது ஒரு விதத்துல புடிச்சிருந்துச்சு.

அப்புறம் குப்பை. எரியற குப்பை வாரத்துக்கு ரெண்டு நாள், எரியாதது மாசத்துக்கு ரெண்டு நாள், காலைல எட்டு மணிக்குள்ள வெக்கணும். மொத மாசம் உடஞ்ச பீங்கான் தட்ட எரியற குப்பையோட சேத்துக் கட்டி வெச்சுட்டேன். சாயங்காலம் பாத்தா எல்லா மூட்டையும் போயிருக்கு, என்னோடது மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே உக்காந்திருக்கு. யாரும் கதவத் தட்டல, யாரும் திட்டல. எங்க தெருவுல இத பண்ணிருந்தா எதுத்த வீட்டு மாமி தெருவே கேக்கற மாதிரி கத்திருக்கும், சாயங்காலம் அதே மாமி கொழம்பு கொண்டாந்து குடுத்திருக்கும்.

அதான் மேட்டர். எங்க மாடியில நாலு கதவு. எட்டு மாசமா மத்த மூணு வீட்டுல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, கதவுல பேரு கூட கெடையாது. லிஃப்ட்ல பாத்தா தலைய ஆட்டுவாங்க, நானும் ஆட்டுவேன், அவ்ளோதான். உறையூர்ல நாங்க குடி போன அன்னிக்கு பால் பொங்கறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு அக்கா வந்து எந்த ஊரு, எத்தன பேரு, வாடகை எவ்ளோ, அட்வான்ஸ் எவ்ளோன்னு கேட்டுச்சு. அப்போ செம எரிச்சல். இப்போ யாராச்சும் வாடகை எவ்ளோன்னு கேக்க மாட்டாங்களான்னு இருக்கு.

தமிழாளுங்க இருக்காங்களேன்னு சொல்லாதீங்க, இருக்காங்க, வாட்சப் குரூப் இருக்கு, அதுல ஸ்கூல் ஃபீசும் ஃப்ளைட் டிக்கெட்டும்தான் ஓடும். ஊர்ல பேங்க்ல கவுண்டர்ல உக்காந்து ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட பேசிட்டிருந்தவ நான், இங்க சில நாள் பையன் ஸ்கூல்லேர்ந்து வர்ற வரைக்கும் வாயே தொறக்கறதில்ல. இது எனக்கு மட்டும்தானா, போகப் போக மாறுமா?

#2 சிங்காரச்சென்னை

ஏங்க எங்க அபார்ட்மெண்ட்ல குரூப்புல காலைல 200 குட்மார்னிங் வருது, பார்க்கிங்குக்கு சண்ட, நாய்க்கு சண்ட, தண்ணி லாரிக்கு சண்ட. உங்க மூணு கதவையும் இங்க அனுப்புங்க, எங்க ஆளுங்கள அங்க அனுப்பறோம்.

#3 டோசாய்லைன்

வாங்க அம்மிணி. நானு பொள்ளாச்சிப் பக்கம், 2003ல வந்தவனுங்க, இன்னும் இதே டோசாய் லைன்லதான் காலைல நசுங்கிட்டுப் போறேன். (2019 கணக்குல கிபா ஸ்டேஷனுக்கும் மொன்சென்நகாச்சோவுக்கும் நடுவுல கூட்டம் 199 சதவீதம், அதுக்குள்ள நானும் ஒருத்தன். கொரோனாவுல கொறஞ்சுது, இப்ப மறுக்கா ஏறிக்கிச்சு.)

நிஷிகசாய்க்கு நம்மாளுக ஏன் வந்தாங்கன்னு பல பேருக்குத் தெரியாதுங்க. 2000ம் வருசக் கம்ப்யூட்டர் பிரச்சனைக்கு இந்தியாவுல இருந்து இஞ்சினியர்களக் கூட்டியாந்தாங்க, பேங்கு ஆபீசுக எல்லாம் ஓதேமாச்சி, நிஹோம்பாஷி, கயாபாச்சோ பக்கம், அத்தனையும் இந்த ஒரு லைன்ல. அதும்போக தனியார் வீட்டுக்கு ஜாமீன் ஆளு வேணும், 'ரெய்கின்'னு திருப்பித் தராத காசு வேற ஓனருக்குக் குடுக்கோணும். யூஆர்னு அரசாங்கத்துச் சார்பு குடியிருப்புல இது ரெண்டும் கெடையாது, அது இந்தப் பக்கம் நெறைய இருந்துச்சு. அப்படித்தான் ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் வந்து சேந்தோம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ஏனுங்க, நீங்க குடி வந்தப்ப பக்கத்து வீடுகளுக்குப் போனீங்களா? இந்த ஊருல அது தலகீழுங்க. நம்மூர்ல புதுசா வந்தவன அக்கம்பக்கம் வந்து விசாரிக்கும். இங்க குடி வர்றவன்தான் ஒரு சின்ன டவலோ பிஸ்கட் டப்பாவோ எடுத்துட்டுப் போயி "வந்திருக்கறோம், கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு சொல்லோணும். பழைய கணக்குல எதுத்தாப்ல மூணு வீடு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. மாடி வீடுன்னா பக்கத்துல, மேல, கீழ. நீங்க போகாட்டி அவங்க மனசுல, "பாவம், தொந்தரவு வேண்டாம்னு நெனைக்கறாங்க, விட்டுருவோம்"னு ஆயிருது. நீங்க அவங்க வருவாங்கன்னு உக்காந்திருக்கீங்க, அவங்க நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்காங்க. இது எனக்கே மூணு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதுங்க, அதுக்குள்ள எம்பட வீட்டுக்காரி ரெண்டு தடவ ஊருக்குப் போறேன்னு பொட்டி கட்டிட்டா.

#4 28மணிநேரம்

அக்கா உங்களுக்குப் பேச ஆள் இல்ல, எனக்குத் தூங்க நேரம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா சொன்னேன்.

நா திண்டுக்கல், லேங்குவேஜ் ஸ்கூல் விசால வந்து ஒன்றர வருசம். இத்தாபாஷில மூணு பேரு ஒரே ரூம்ல. ஸ்டூடண்ட் விசால வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேல பாக்கலாம், அதான் பேரு. ராத்திரி கொன்பினில, அதான் 24 மணி நேரக் கடைல, நிக்கிறேன். 2025 அக்டோபர்ல இருந்து டோக்கியோல கொறஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 1,226 யென், ராத்திரி பத்துக்கு மேல காலைல அஞ்சு வரைக்கும் கால் பங்கு கூட. கேக்க நல்லாத்தேன் இருக்கும். ஏஜெண்டு கணக்குப் போட்டுக் காட்டுனது பழைய ரேட்டுக்கா, 2020ல 100 யென்னுக்கு 70 ரூவா வந்துச்சு, 2024 ஜூலைல அது 52 ரூவாகிட்ட எறங்கிருச்சு, இப்பவும் பழையபடி ஏறல. கடன் ரூவாயில இருக்கு, சம்பளம் யென்னுல இருக்கு, நடுவுல நா இருக்கேன்.

டோசாய் அண்ணே, டவல் குடுக்கறதெல்லாம் வீடு கெடச்சவங்களுக்கு. எனக்கு வீடு பாக்கப் போனப்ப போன்ல ஸ்கூல்காரரு பேசுறாரு, எல்லாம் சரின்னு வந்துட்டு கடைசில "வெளிநாட்டுக்காரரா, மன்னிச்சுக்கங்க"ன்னு ஆறு எடத்துல. அரசாங்கமே 2017ல ஒரு சர்வே வெளியிட்டுச்சு, வீடு தேடுன வெளிநாட்டுக்காரங்கள்ல 39 சதவீதம் பேரு இதச் சொல்லி மறுத்தாங்கன்னு சொல்லிருக்காங்க. அப்போ நமக்கு மட்டும் இல்லன்னு ஒரு ஆறுதல். ட்ரெயின்ல எம் பக்கத்து சீட்டு மட்டும் காலியா இருக்கும், மொதல்ல வெசனமா இருந்துச்சு, இப்ப பைய வச்சுக்கறேன்.

ஆனா அக்கா, ஆளுக பேச மாட்டாங்கங்கறது முழுசும் உண்ம இல்ல. கடைக்கு தெனமும் விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு பெரியவரு வருவாரு, டேக்ஸி ஓட்றவரு, ஒரே கேன் காபி, சூடா. ஆறு மாசம் ஒரு வார்த்த பேசல. பரிச்சைக்கு நா ஒரு வாரம் லீவு போட்டு வந்தா அன்னிக்கு காசு வைக்கும்போது "ஒடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாரு. பரிச்சைன்னேன். மறுநாளு ரெண்டு கேன் எடுத்து ஒண்ண ஏங்கிட்ட தள்ளிவிட்டுட்டுப் போறாரு. அம்புட்டுத்தேன். தெனமும் ஒரே எடத்துல ஒரே நேரத்துல நம்ம மொகம் தெரியணும் போல.

#5 வடமராட்சியான்

நான் பாரிஸில இருக்கிறன், டோக்கியோ தெரியாது. ஆனா இஞ்சயும் உந்தக் கதைதான். வந்த புதுசில கடையில, பஸ்ஸில நேரடியா விசயத்தைக் கேட்டிடுவன், அவையள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிப்பினம், எனக்கு நிறவெறி எண்டு கோவம் வரும். பிறகுதான் விளங்கினது, முதல்ல 'போன்ஜூர்' சொல்லாமல் கதைக்கிறது இஞ்ச பெரிய மரியாதையீனம். நிறவெறியும் இல்லாமல் இல்லைத்தான், அது வேற. ஆனா எது அது, எது இது எண்டு பிரிக்கவே எனக்குப் பத்து வருசம் பிடிச்சது தங்கச்சி.

#6 மொழிப்பைத்தியம்

ஒரு ஆள் கூட மொழியப் பத்திப் பேசலையே! உறையூர் மேடம், ஜப்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சீங்களா இல்லையா? எழுத்து கஷ்டம்தான் ஒத்துக்கறேன், கஞ்சின்னு அவங்க எழுதற சீன எழுத்து மலை மாதிரி, ஆனா வாக்கிய அமைப்புல தமிழாளுக்கு கெடைக்கற சலுகை இங்கிலீஷ்காரனுக்குக் கெடையாது. வினை கடைசிலதான் வரும், உருபு பேருக்குப் பின்னாடிதான் ஒட்டும். அதுக்கு மேல பாருங்க, "சாப்பிட்டுப் பாரு"ன்னு நாம சொல்றோம்ல, சாப்பிட்டதுக்கும் பாக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? அவங்களும் 'தபேதே மிரு'ங்கறாங்க, தபேதே சாப்பிட்டு, மிரு பாரு. 'கத்தே ஒகு'ன்னா வாங்கி வை, அதே 'வை'. 'வசுரேதே ஷிமாத்தா'ன்னா மறந்துட்டேன், மறந்து விட்டேன்ல இருக்கற அந்த 'விடு' மாதிரியேதான். "போறேன்னு சொன்னான்"ல வர்ற 'ன்னு' இருக்கே, அதுக்கு அவங்க 'தொ'. 'இகு தொ இத்தா'. வார்த்தைக்கு வார்த்தை வெச்சு மாத்தினாப் போதும்.

இதப் பாத்துட்டுதான் ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானிஷும் உறவுன்னு புத்தகம் புத்தகமா எழுதினாரு. பெரும்பாலான மொழியியல்காரங்க அத ஏத்துக்கல, நானும் ஏத்துக்கல, உடனே குமரிக்கண்டத்தத் தூக்கிட்டு யாரும் வராதீங்க. ஆனா பேச கத்துக்கறதுக்கு உறவு எதுக்கு, அமைப்பு ஒத்துப் போனா போதாதா.

டோசாய் சொன்ன அந்த "கொஞ்சம் பாத்துக்கங்க"வுக்கு 'யொரொஷிகு ஒநெகாய்ஷிமாஸ்'. இதுக்கு இங்கிலீஷ்ல சரியா ஒரு வார்த்த கெடையாது, தமிழ்ல இருக்கு, அதத்தான் அவரு அவருக்கே தெரியாம சொல்லிட்டாரு. வார்டு பக்கம் வாலண்டியர்ங்க நடத்தற வகுப்பு இருக்கும், பெரும்பாலும் காசு ரொம்பக் கம்மி, விசாரிங்க.

#7 கேள்விக்குறி

நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கவும். எனக்கு ஆபீஸ்ல 2026 ஜனவரி 5 டிக்கெட் போட்டாச்சு, அதே ஏரியாதான். மிக்சி, கிரைண்டர், குக்கர் எதெல்லாம் எடுத்துட்டு வரணும்? அரிசி கெடைக்குமா? கையில எவ்ளோ காசு வேணும்?

#8 உறையூர்ப்பொண்ணு

கேள்விக்குறி, மிக்சி கொண்டு வராதீங்க, நான் கொண்டு வந்து அழுதேன். இங்க கரண்ட் 100 வோல்ட், நம்ம மிக்சி 230. சட்னி அரைக்கப் போட்டா கெழவன் இருமற மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டு நின்னுடுச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி வெச்சுக்கலாம், செங்கல் மாதிரி கனம், இப்ப என் கிச்சன்ல பாதி எடம் அதுக்குத்தான். குக்கர் கண்டிப்பா கொண்டு வாங்க, வெயிட்டு, கேஸ்கெட் ரெண்டு செட்டு எக்ஸ்ட்ரா. அடுப்பு கேஸா கரண்டான்னு வீடு பாக்கும்போதே கேட்டுக்கங்க. அரிசி கெடைக்கும், பொன்னி சோனா மசூரி எல்லாம் இந்தியன் கடைல, வெல கேட்டா அளந்து போடுவீங்க. நாங்க வந்தப்போ இங்கத்த அரிசியே 5 கிலோ 4,000 யென் தாண்டி போயிட்டிருந்துச்சு, டிவில தெனமும் அரிசி நியூஸ்தான், ஊர் நெனப்பே வந்துடுச்சு. கறிவேப்பிலை மட்டும் கனவுல பாத்துக்கங்க.

#9 டோசாய்லைன்

காசு விசயம் நான் சொல்றனுங்க. தனியார் வீடுன்னா சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாலயே நாலஞ்சு மாச வாடகை போயிருமுங்க, டெப்பாசிட்டு, ரெய்கின், ஏஜெண்டு கமிசன், ஜாமீன் கம்பெனிக்கு ஒண்ணு, தீ இன்சூரன்சு, பூட்டு மாத்தறதுக்கு ஒண்ணு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க இன்னொரு மாச வாடகை. கம்பெனி குடுக்குதான்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலயே கேட்டுப் போடுங்க.

அப்புறம் இத யாரும் சொல்ல மாட்டாங்க. குடியிருப்பு வரின்னு ஒண்ணு, போன வருச சம்பளத்துல கழிவெல்லாம் போக மிச்சத்துக்கு சுமார் பத்துல ஒரு பங்கு, ஜனவரி 1ந் தேதி யாரு இந்த ஊருல குடியிருக்காங்களோ அவங்களுக்கு அந்த ஜூன்ல இருந்து புடிப்பாங்க. நீங்க 5ந் தேதி வர்றீங்க, தப்பிச்சீங்க, 2027 ஜூன் வரைக்கும் கவலையில்ல. உறையூர் அம்மிணி, உங்களுக்கு வர்ற ஜூன்ல சம்பளச் சீட்டுல ஓட்டை விழும், இப்பவே வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெய்ங்க. மொத வருசம் சம்பளம் ஜாஸ்தியா இருக்குதுன்னு ஊருல எடம் வாங்கி மாட்டுன ஆளுக எத்தனையோ பேர எனக்குத் தெரியும்.

#10 மாடப்புறா

இவ்ளோ நேரம் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. நான் அஞ்சு வருஷமா நகானோல தனியா இருக்கேன், சின்ன ரூம், வேலைக்குப் போறேன். டோசாய் சார், நீங்க சொல்ற டவல் கதையெல்லாம் குடும்பத்தோட இருக்கறவங்களுக்கும் பழைய ஏரியாவுக்கும். இப்போ டோக்கியோல ஒத்த ரூம்ல இருக்கறவங்க பாதி பேர் அத பண்றதே இல்ல. பொண்ணு தனியா இருக்கறது நாலு பேருக்குத் தெரிய வேணாம்னு என்னோட ஜப்பானிய தோழியே போக வேணாம்னு தடுத்தா. பேர்ப்பலகை இல்லாததும் அதனாலதான்.

அப்புறம் இன்னொண்ணு. நான் டைவர்ஸ் ஆகி வந்தவ. சென்னைல கடைசி ஒரு வருஷம் பால்காரர்லேர்ந்து பக்கத்து ஃப்ளாட் வரைக்கும் என்ன கேக்காத ஆள் இல்ல. "ஏம்மா, அவரு வரலையா?" லிஃப்ட்ல, கடைல, கோயில் வாசல்ல. நல்லவங்கதான், அக்கறைலதான் கேட்டாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லணும்ல, சொல்லிட்டு வீட்டுக்கு வந்து கதவ சாத்திட்டு உக்காந்திருப்பேன். இங்க வந்து அஞ்சு வருஷத்துல ஒருத்தர் கேக்கல. மொத மாசம் ஒரு ஞாயித்துக்கெழம ஷிஞ்சுகு ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் சும்மா நடந்தேன், இருநூறுக்கு மேல வாசல் இருக்கற ஸ்டேஷன், தெனமும் கிட்டத்தட்ட முப்பது லட்சம் பேர் போறாங்க வர்றாங்க, அதுல ஒருத்தருக்கும் நான் யாருன்னு தெரியாது. அன்னிக்கு அழுதேன், சந்தோஷத்துல. உறையூர் அக்கா, உங்களுக்கு மூடுன கதவா தெரியறது எனக்கு தாழ்ப்பா போட்ட கதவு. ஊர குத்தம் சொல்லாதீங்க ப்ளீஸ்.

#11 உறையூர்ப்பொண்ணு

மாடப்புறா, உங்க பதில மூணு தடவ படிச்சேன். ஊர குத்தம் சொல்ல வரல, ஆனா எழுதினதுல அப்டி தெரிஞ்சிருக்கு, மன்னிச்சுக்கங்க. எங்க தெருவுல ஒரு அக்கா புருஷன விட்டுட்டு வந்து அம்மா வீட்ல இருந்துச்சு, நாங்கல்லாம் கேட்டுட்டேதான் இருந்தோம். நானும் கேட்ருக்கேன். அது எப்டி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் யோசிச்சேன்.

இருந்தாலும் எனக்குப் பேசணும், அது என் வியாதி. டோசாய் அண்ணா, எட்டு மாசம் கழிச்சு டவல் எடுத்துட்டுப் போனா கேவலமா இருக்காதா? முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போலாமா?

#12 டோசாய்லைன்

போங்க, ஒண்ணும் கேவலம் இல்லீங்க. "லேட்டாயிருச்சு"ன்னு ஒரு வார்த்த சேத்துக்கங்க. முறுக்கு வேண்டாமுங்க, கையில செஞ்சது தெரியாதவங்க குடுத்தா சாப்பிட யோசிப்பாங்க. சீல் வெச்ச பொட்டி, 500ல இருந்து 1,000 யென்னுக்குள்ள, அதுக்கு மேல போனா அவங்களுக்குக் கடனாட்டம் ஆயிரும். சனி ஞாயிறு பத்து பதினொரு மணிக்குப் போங்க, பையனக் கூட்டிட்டுப் போங்க. மாடப்புறா அம்மிணி சொன்னதும் நெசந்தான், தொறக்கலைன்னா ரெண்டாவது தடவ தட்டாதீங்க.

#13 சிங்காரச்சென்னை

டவல் குடுக்கறதுக்கு இவ்ளோ சட்டமா. எங்க பில்டிங்ல டவல மாடில காயப் போட்டாலே எடுத்துட்டுப் போயிடறாங்க.

#14 28மணிநேரம்

ஏண்ணே சென்னை, இங்கயும் கொடைய வெளில வச்சுப் பாருங்க, போயிரும். மணிபர்ஸ தொலச்சா திரும்ப வரும், 500 யென் பிளாஸ்டிக் கொட மட்டும் வராது. 2019ல டோக்கியோ போலீஸ்ட்ட ஒரு வருசத்துக்கு 40 லட்சத்துக்கு மேல தொலஞ்ச சாமான் வந்து சேந்துச்சாம், எங்கொட மூணுல ஒண்ணு கூட அதுல இருந்திருக்காது.

#15 உறையூர்ப்பொண்ணு

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், போயிட்டு வந்த கதைய சொல்லணும்ல.

போன சனிக்கெழம பையனுக்கு நல்ல சட்ட போட்டு, பிஸ்கட் டப்பா மூணு, மொழிப்பைத்தியம் சொன்ன 'யொரொஷிகு'வ உள்ளங்கைல தமிழ்ல எழுதிட்டுப் போனேன். மொத கதவு தொறக்கல, உள்ள டிவி சத்தம் கேட்டுச்சு, விட்டுட்டேன். ரெண்டாவது கதவுல ஒரு பையன், காலேஜ் படிக்கறவன் போல, தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்தான், வாங்கிட்டு ஏழெட்டு தடவ குனிஞ்சான், நானும் குனிஞ்சேன், யாரு மொதல்ல நிறுத்தறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் குனிஞ்சுட்டே கதவ சாத்திட்டோம்.

மூணாவது ஒரு பாட்டி. எழுவத்தஞ்சு எம்பது இருக்கும். சங்கிலி போட்டபடியே கொஞ்சமா தொறந்து பாத்தாங்க, பையன் ஸ்கூல்ல கத்துக்கிட்ட மாதிரி கணீர்னு அவன் பேரு, வயசு, "பக்கத்து வீடு"ன்னு சொன்னான், சங்கிலிய எடுத்துட்டாங்க. நான் கையப் பாத்து படிச்சேன், எட்டு மாசம் லேட்டுன்னும் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் பையன்கிட்ட என்னமோ கேட்டாங்க, அவனுக்குப் புரியல, எனக்கும் புரியல, திரும்ப வாய குவிச்சு "ஷ்ஷ்ஷூ, ஷ்ஷ்ஷூ"ன்னு கையால மேல காட்டி செஞ்சு காட்டறாங்க. நான் ஷவர்னு நெனச்சேன், பாம்புன்னு கூட நெனச்சேன். பையன்தான் "அம்மா, குக்கரும்மா"ங்கறான்!!

குக்கர் விசில். எட்டு மாசமா தெனமும் சாயங்காலம் எங்க வீட்லேர்ந்து வர்ற சத்தம் என்னன்னு தெரியாம இருந்திருக்காங்க. மொத வாரம் கேஸ் லீக்குன்னு பயந்து அவங்க வீட்டு மீட்டர ரெண்டு தடவ பாத்தாங்களாம். அப்புறம் நின்னு நின்னு வருதே, ஏதோ மெஷின்னு விட்டுட்டாங்களாம். வந்து கேக்கலாம்னு இருந்தாங்களாம், ஆனா சத்தம் அதிகமா இருக்குன்னு குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு கேக்கலையாம். இதெல்லாம் அவங்க போன்ல பேசி தமிழ்ல மாத்திக் காட்டுனது, தமிழ் பாதி கொச்சையா வந்துச்சு, "வாயு பயம்"னு ஒரு வரி வந்துச்சு, எனக்கு சிரிப்ப அடக்க முடியல.

மறுநாள் காலைல எங்க கதவுக் கைப்பிடில ஒரு பை தொங்குது, உள்ள ஆரஞ்சு, மிக்கான்னு சொல்வாங்களே சின்னதா தோல் கழண்டு வருமே, பத்து பன்னெண்டு இருக்கும். சீட்டு ஒண்ணு, ஹிரகானான்னு சின்னப் பசங்க மொதல்ல கத்துக்கற எழுத்துல, பையன் படிக்கட்டும்னு கஞ்சி இல்லாம எழுதிருக்காங்க. இப்போ என் கேள்வி, இதுக்கு நான் திருப்பி ஏதாச்சும் குடுக்கணுமா? குடுத்தா அவங்க திரும்பக் குடுப்பாங்களா? இது எங்க போயி நிக்கும்?

#16 டோசாய்லைன்

நிக்காதுங்க, நானு பதினஞ்சு வருசமா ஒருத்தருக்கு மாம்பழ டப்பா குடுத்து பேரிக்கா வாங்கிட்டிருக்கேன். ஆரஞ்சு உங்க பிஸ்கட்டுக்கு பதில், கணக்கு நேராயிருச்சு, உடனே ஒண்ணும் குடுக்காதீங்க. ஊருக்குப் போயிட்டு வரும்போது ஏதாச்சும் சின்னதா.

#17 மொழிப்பைத்தியம்

பாத்திரத்துல குடுத்தா மட்டும் ஜாக்கிரதை. நம்ம வீட்ல பக்கத்து வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு பாட்டிங்க ஒரு கை சக்கரையாச்சும் போட்டுக் குடுப்பாங்கல்ல, அங்கயும் அதே பழக்கம் இருந்திருக்கு, ஒஉத்சுரின்னு பேரு, ஒண்ணும் இல்லைன்னா தீப்பெட்டியாச்சும் உள்ள வெச்சுக் குடுப்பாங்களாம்.

#18 மாடப்புறா

அக்கா சீட்டுல என்ன எழுதிருந்தாங்கன்னு சொல்லவே இல்லையே.

#19 உறையூர்ப்பொண்ணு

பையன் எழுத்துக் கூட்டிப் படிச்சான். வழக்கமா மூணு தடவ, ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் ஏழு தடவ அந்த சத்தம் வருதுன்னு கேட்டிருக்காங்க. கொண்டக்கடலைக்கு ஜப்பானிஷ்ல என்னன்னு யாராச்சும் சொல்லுங்க.